ஆடியிலேயே சொன்னவர்

2025 ஆகஸ்ட் பாதியில் ஒரு மத்தியானம் எங்கள் கார்மென்ட் கம்பெனியின் புது சூப்பர்வைசர் பையன், இன்சார்ஜான என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். 27-ஆம் தேதியிலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி என்கிற பேச்சு அதற்குள் திருப்பூரின் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. எங்களுக்குப் பெரிய ஆர்டர் தருகிற பையர் அமெரிக்காக்காரர்தான். அவருடைய அடுத்த இரண்டு ஸ்டைலும் நிற்கிறது என்று அன்று காலையில்தான் ஓனர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். பையன் குரலைத் தாழ்த்தி, “மேடம், பவர் டேபிள்ல இருக்கறவங்ககிட்ட இத எப்பங்க சொல்றது?” என்றான். பவர் டேபிள் என்றால் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுகிற இடம். யார் சொல்வது என்றோ எப்படிச் சொல்வது என்றோ கேட்கவில்லை. எப்போது என்று கேட்டான். வேலைக்கு வந்து எட்டு மாதத்தில் அவனுக்கு அந்தக் கேள்வி தோன்றிவிட்டது. எனக்கு அது தோன்றப் பல வருடம் ஆயிற்று, அதுவும் இன்னொருவர் கேட்ட பிறகு.

“டீ டைம் முடியட்டும், பேசலாம்” என்று அவனை அனுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அதே கேள்வியை ஐந்து வருடத்துக்கு முன்னால் வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்று நான் சொன்ன பதில் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. நல்ல தலைமை என்றால் என்ன என்று யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு அந்த ஒரு போன்தான் ஞாபகம் வருகிறது. எழுதிவிட்டால் கொஞ்சமாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

ஐந்து நாள்

2020 மே மாதம். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்து, பாதி ஆளை வைத்துக் கம்பெனியைத் திறந்திருந்தோம். ஐரோப்பா ஆர்டர்களில் சில ரத்து, சில ‘ஹோல்டு’. வெட்டின துணி பண்டில் பண்டிலாகக் கட்டிங் டேபிளுக்கு அடியிலேயே கிடந்தது. வட மாநிலத்துப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ரயிலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்து இரண்டு லைன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் ஓனர் கூப்பிட்டார். ஒரு லைனை நிறுத்திவிடலாம், இந்த வாரச் சம்பளத்தோடு கணக்கு முடித்துவிடுங்கள் என்றார். 38 பேர். அவர் ஈரமில்லாத மனிதர் இல்லை. அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் டேபிள் மேலிருந்த சாம்பிள் பீஸின் காலரை நீவிக்கொண்டே இருந்தார்.

தொழிலாளிகளிடம் சொல்வது என் பொறுப்பு. திங்கட்கிழமை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஆல்ட்ரேஷன் பீஸ் நிறைய வந்துவிட்டது, இந்த நேரத்தில் சொன்னால் கை ஓடாது என்று நினைத்தேன். புதன்கிழமை, எப்படியும் சனிக்கிழமை தெரியப்போகிறது, அதுவரைக்குமாவது நிம்மதியாகத் தைக்கட்டுமே என்று நினைத்தேன். இந்தக் கடைசிக் காரணத்தை நான் கருணை என்றே நம்பினேன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டுவாடா முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, ஏழே முக்காலுக்கு, லைன் வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரி போட்டேன். ‘நிர்வாகத்தின் முடிவின்படி’ என்று ஆரம்பிக்கும். கடைசியில் கும்பிடுகிற கை ஒன்று.

ஒன்பது மணிக்கு ஓவர்லாக் ஓட்டுகிற அக்கா கூப்பிட்டார். வேடசந்தூர்ப் பக்கத்துக்காரர். ஆறு வருடமாக எங்களிடம் இருந்தவர். அவர் மெஷினுக்கு வந்த பீஸ் தையல் பிரிந்து திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. “மெசேஜ் பாத்தேன் மேடம்” என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது. “வியாழக்கிழமைதான் வேற லைன் வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தேன். பதினஞ்சாயிரம். கம்பெனிக்குப் பக்கத்துல போயிட்டா பஸ் ஓடாட்டியும் நடந்தே வந்துக்கலாம்னு நெனச்சேன். கம்மலத்தான் வச்சேன்.” அப்புறம் கேட்டார். “உங்களுக்கு எப்ப மேடம் தெரியும்?”

“இன்னைக்குத்தாங்க்கா” என்றேன்.

“அதானே பாத்தேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் உண்மையாகவே நம்பினார். போனை வைத்த பிறகு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலை போனதற்கு நான் காரணம் இல்லை. எங்கேயோ கடல் தாண்டிக் கடைகள் பூட்டிக் கிடந்தன, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் திங்களிலிருந்து சனி வரைக்கும் அந்தச் செய்தி என் கையில் சும்மா கிடந்தது. என்னிடம் இருக்கும்போது அதற்கு ஒரு பைசா மதிப்பு இல்லை. புதன்கிழமை அந்த அக்காவின் கைக்குப் போயிருந்தால் 15,000 ரூபாயும் ஒரு ஜோடி கம்மலும் தப்பியிருக்கும்.

அதுவரைக்கும் நான் நல்ல இன்சார்ஜ் என்றுதான் பெயர். யாரையும் கத்தியதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் நானும் கூடவே நின்றிருக்கிறேன். மெஷின் நின்றால் மெக்கானிக்கைத் தேடிப் போய்க் கூட்டிவருவேன். தலைமைப் பண்பு பற்றி நடந்த பயிற்சி வகுப்புகளுக்கும் போயிருக்கிறேன். துணிச்சல், தெளிவான பேச்சு, முடிவெடுக்கும் திறமை, எல்லோரையும் அணைத்துப் போவது என்று அங்கே சொல்லித் தந்தவை நல்ல விஷயங்கள்தான். அவை எனக்கு உதவியும் இருக்கின்றன. அந்தச் சனிக்கிழமை என்னிடம் இல்லாமல் போனது அவற்றில் எது என்று யோசித்தேன். துணிச்சல் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் போதவில்லை. அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தவர் ஒரே ஒருவர், என் பெரியப்பா.

பெரியப்பாவின் டைரி

எங்கள் ஊர் முத்தூர்ப் பக்கம். கீழ்பவானி வாய்க்காலின் வால், கடைசிப் பகுதி. பவானிசாகரில் திறக்கிற தண்ணீர் சத்தி, கோபி, பெருந்துறை, சென்னிமலை என்று எல்லோருடைய வயலையும் பார்த்துவிட்டு, 200 கிலோமீட்டர் நடந்து, களைத்துப்போய் எங்களிடம் வரும். இரண்டு லட்சத்துச் சொச்சம் ஏக்கரில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படைக்கு ஒரு முறை என்று மாற்றி மாற்றி விடுவார்கள். எங்கள் மதகுக்கு நெல் முறை, அதாவது நெல்லுக்குத் தண்ணீர் விடுகிற முறை, வருகிற வருடம் என்றால் ஊரே பளிச்சென்று இருக்கும். ஆடியிலேயே கிணற்றுத் தண்ணீரில் நாற்று விட்டு, வாய்க்கால் திறக்கிற ஆகஸ்ட் 15-க்குக் காத்திருப்பார்கள்.

பெரியப்பா எங்கள் பகிர்மான வாய்க்காலின் பாசன சபைத் தலைவர். மேடையில் பேச வராது. மைக்கைக் கையில் கொடுத்தால் “வந்தவங்களுக்கு வணக்கமுங்க” என்பதோடு நிறுத்திவிடுவார். சின்ன வயதில், 1972-ல், விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டார் என்று சூலூர்ப் பக்கம் இருந்த தாய்மாமன் வண்டியைப் பூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனவர். மின் கட்டணத்துக்காக உழவர்கள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை வீதிகளை அடைத்த அந்தப் போராட்டத்தைப் பற்றி எத்தனை தடவை கேட்டாலும், மாடுகளுக்குத் தண்ணி காட்ட இடமில்லாமல் அலைந்ததைத்தான் சொல்வார். அவர் தினமும் தவறாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. பழைய டைரி ஒன்றில் பேப்பரைப் பார்த்து பவானிசாகர் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் எழுதிவைப்பார். அணை நிறைந்தால் 105 அடி. அந்த எண்ணை எட்டின நாளுக்கு மட்டும் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கும்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்படி ஒரு நெல் முறை வருடம். ஆடி நோம்பிக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஆடி பிறந்து பத்து நாள் ஆகியும் டைரியில் எண் அறுபதைத் தொடவில்லை. மலையில் மழை இல்லை. ஊரில் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், அப்புறம் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு நாள் விடியக்காலை பஸ் ஏறி ஈரோடு போய், சத்தி போய், பவானிசாகர் போய், தண்ணீர் எந்தப் பாறை வரைக்கும் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தார். அதிகாரியையும் பார்த்தார். அரசாணை வந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று அவர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய வேலை அப்படி. ராத்திரி பத்து மணிக்குத் திரும்பிவந்த பெரியப்பா சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்து அந்த டைரியைப் பின்னோக்கிப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது, அவர் கட்டுத்தறியிலிருந்து எருமையையும் இரண்டு மாடுகளையும் அவிழ்த்து நேராகத் தன் நாற்றங்காலுக்குள் ஓட்டினார். பதினைந்து நாள் நாற்று, கிளிப்பச்சையில் பட்டுப் போல நின்றது. மாடுகள் முதலில் தயங்கின. பயிருக்குள் வாய் வைத்தால் அடிதான் விழும் என்று அவற்றுக்குப் பழக்கம். அவரே கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். பெரியம்மா வாசப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. எருமை பிடுங்கித் தின்ற சத்தம், ஈரமான வேர் அறுகிற அந்தச் சத்தம், இன்னும் எனக்குக் கேட்கிறது. அப்புறம் கை கால் கழுவிக்கொண்டு, டி.வி.எஸ். 50-ஐ எடுத்து, “ஏறு கண்ணு, டைரியப் புடிச்சுக்க” என்றார்.

இரண்டு நாள். எங்கள் மதகில் பாய்கிற அறுபத்துச் சொச்சம் குடும்பம். தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு, ஒவ்வொன்றுக்கும் போனோம். சபைக் கூட்டம் போட்டு ஒரே தடவையில் சொல்லியிருக்கலாமே என்று வழியில் கேட்டேன். “கூட்டத்துல சொன்னா நாலு பேரு கத்துவாங்க, மத்தவங்க கேக்க வந்தத மறந்துட்டு ஊட்டுக்குப் போயிருவாங்க” என்றார். எல்லா வீட்டிலும் அதே வார்த்தைகள்தான். “அணையில தண்ணி இல்லீங்க. ஐப்பசிக்கு முந்தி வாய்க்கா வரும்னு எனக்குத் தோணல. நெல்லு வேண்டாம், சோளத்தப் போடுங்க, மாட்டுக்குத் தட்டாச்சும் மிஞ்சும். தப்பாப் போனா எம்மேல வச்சுக்குங்க.” சில வீட்டில் மோர் கொடுத்தார்கள். சில வீட்டில் உட்காரச் சொல்லவில்லை.

வாய்க்கால் மேட்டோரம் ஒரு வீடு. பெரியப்பாவுக்கு மாமன் முறை ஆகவேண்டியவர், வயதில் மூத்தவர். கிணறு கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கிய தண்ணீரில் நாற்றங்கால் உழுது வைத்திருந்தார். போன நேரத்துக்கு விதை நெல்லை ஊறப்போட்டு எடுத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போர்த்தி மூலையில் வைத்திருந்தார். மறுநாள் விதைப்பு. பெரியப்பா சொல்லி முடிக்கும் வரைக்கும் அவர் பேசவில்லை. முடித்ததும், “உனக்குக் கெணறு இருக்குது மாப்ள. நீ நெல்லும் போடுவ, சோளமும் போடுவ. எனக்கு வாய்க்காத் தண்ணிய உட்டா என்ன கெதி இருக்குது?” என்று ஆரம்பித்தார். அப்புறம் குரல் ஏறியது. சபைப் பணம், போன தேர்தல், பழைய வரப்புத் தகராறு எல்லாம் வந்தது. நான் வண்டிக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றேன். பெரியப்பா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மூலைக்குப் போய், குனிந்து, வைக்கோலை விலக்கி, சாக்கைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டார். முளை கட்டின நெல்லுக்குள் கை விட்டவர்களுக்குத் தெரியும், காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி அது சுடும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “நல்லா வந்துருக்குதுங்க மாமா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

அந்த மாமன் கத்துவதை நிறுத்தினார். “உன்ற நாத்து?” என்று கேட்டார். பெரியப்பா பதில் சொல்லும் முன்னால் உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மாதான் சொன்னார், “காத்தால மாட்ட உட்டுட்டாராமுங்க.” செய்தி எங்களுக்கு முன்னால் அங்கே வந்து சேர்ந்திருந்தது. ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. கிளம்பும்போது அந்த மாமன் வண்டி வரைக்கும் வந்தார். சமாதானமாக ஒன்றும் சொல்லவில்லை. “சோள வெத எங்க கெடைக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நானே அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். முடியவில்லை. புரட்டாசி நடுவில் மலையில் மழை பிடித்தது. வரத்து ஏறியது, தாமதமாக என்றாலும் வாய்க்காலைத் திறந்தார்கள். பெரியப்பா பேச்சைக் கேட்காமல் நாற்றைக் காப்பாற்றி வைத்திருந்த மூன்று பேர் பிந்தி நட்டு, பாதி விளைச்சலாவது எடுத்தார்கள். மற்றவர்கள் வயலில் முழங்கால் உயரச் சோளம். அணை திறக்கப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கே பெரியப்பா மறுபடியும் வண்டியை எடுத்தார். இந்த முறை நான் இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். அதே அறுபது வீடு. “நான் சொன்னது தப்பாப் போச்சுங்க. தண்ணி உடறாங்க. கொள்ளோ எள்ளோ என்ன போடலாம்னு பாருங்க.” ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்களாம். அந்த மாமன் பொங்கல் வரைக்கும் அவரோடு பேசவில்லை.

இதில் எந்தப் பாதி பெரியது என்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை. இப்போது யோசித்தால் இரண்டாவது பயணம்தான் கஷ்டமானது என்று தோன்றுகிறது. முதல் முறை போனபோது அவர் கையில் சொந்த நஷ்டம் இருந்தது. அதைக் காட்டினால் மனுஷர்கள் இளகுவார்கள். இரண்டாம் முறை காட்ட ஒன்றுமில்லை, தப்பு மட்டும்தான். மழை பெய்தது என் குற்றமா என்று வீட்டில் இருந்திருக்கலாம், தண்ணீர் வந்தால் தானாகத் தெரிந்துகொள்வார்கள். ஆனால் தண்ணீர் வருவதற்கு நாலு நாள் முன்னால் தெரிந்தால் ஒருவன் உழுது வைத்துக்கொள்ளலாம். அந்த நாலு நாளை அவர்களுக்குக் கொடுக்கத்தான் அவர் போனார்.

வளைந்து போகிற வாய்க்கால்

எங்கள் பக்கம் தலைவர் என்ற பேச்சு வந்தால் காலிங்கராயனில் போய் நிற்கும். பவானி ஆறு காவிரியில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் முந்தி அணை கட்டி, ஈரோட்டைத் தாண்டி, கொடுமுடிப் பக்கம் நொய்யல் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து வாய்க்கால் வெட்டியவர். 1283-ல் முடிந்தது என்று சொல்வார்கள், எழுநூறு வருடம் தாண்டியும் மஞ்சளும் வாழையும் கரும்பும் அதில்தான் விளைகின்றன. தன் நிலத்துக்காகத்தான் வெட்டினான் என்று ஊர் பேசியபோது, நானும் என் வழியில் வருகிறவர்களும் இந்தத் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு, பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

சின்ன வயதில் இதைத் தியாகக் கதையாகத்தான் கேட்டேன். அந்த வாய்க்கால் கரையில் சைக்கிளில் போகும்போதுதான் வேறு ஒன்று தோன்றியது. எத்தனை வளைவு! ஒவ்வொரு வளைவிலும் ஒருவனுக்குத் தண்ணீர் கிடைக்கிறது, இன்னொருவனுக்குத் தள்ளிப் போகிறது. ஏன் இங்கே திரும்பியது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் கேட்டிருப்பார். அத்தனை பேருக்கும் மட்டக்கணக்கை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தனக்கு ஒரு சொட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வளைவு வெறும் வளைவாகிவிடும். பெரியப்பா எருமையை அவிழ்த்து விட்டதை நான் இப்படித்தான் பார்க்கிறேன். தியாகி ஆகவேண்டும் என்று அவர் அதைச் செய்யவில்லை. தன் நாற்றங்கால் பச்சையாக இருக்கும்வரை அவர் சொல் யார் காதிலும் ஏறாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியமும் எனக்கு இந்த வரிசையில்தான் வருகிறார். நாடு பஞ்சத்தில் இருந்த நேரத்தில் மத்திய உணவு அமைச்சர். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை இறக்கும் முடிவை எடுத்தபோது அவருக்கு வந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. பொருளாதார அறிஞர்கள் எதிர்த்தார்கள், இடதுசாரிகள் எதிர்த்தார்கள், சொந்தக் கட்சியிலும் எதிர்த்தார்கள். டெல்லியில் தன் அரசு வீட்டுப் புல்வெளியை உழுது அந்தப் புது ரகக் கோதுமையை விதைத்தார். வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில், பொய்த்தால் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில். 1967 தேர்தலில் அவர் தோற்றார். 1968-ல் கோதுமை வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களில் எல்லாம் கொட்டிவைத்தார்கள், கோதுமைப் புரட்சி என்று அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள். அப்போது அவர் அமைச்சரில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவருக்கு இருந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருக்கிறேன்.

ஏழு பேர் போனார்கள்

2022 தீபாவளிக்கு முன்னால் எனக்கு இரண்டாவது வாய்ப்பு வந்தது. அந்த வருடம் நூல் விலை ஏறின ஏற்றம் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் ஐரோப்பாவில் விலைவாசி, போர் என்று ஆர்டர் இளைத்துவிட்டது. தீபாவளி கழித்து ஒரு மாதமாவது வேலை பாதிக்குப் பாதிதான் இருக்கும் என்று புரட்டாசியிலேயே தெரிந்தது. தெரிந்த மறுநாள் பதினோரு மணி டீயில் மெஷின்களை நிறுத்தச் சொல்லி எல்லோரிடமும் சொன்னேன். எந்த ஆர்டர் இருக்கிறது, எது வரவில்லை, எவ்வளவு நாளைக்கு. என் சம்பளத்திலும் பிடித்தம் உண்டு என்பதையும் சொன்னேன்.

ஓனருக்குக் கோபம். அவர் கேட்டது ஒன்றும் தப்பில்லை. “இப்பவே சொல்லிட்டா நல்ல டெய்லர் எல்லாம் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிருவான். அப்பறம் ஆர்டர் வந்தா யார வச்சுத் தைக்கறது? நீங்க அவங்களக் காப்பாத்தறீங்க, கம்பெனிய யாரு காப்பாத்தறது?” அவர் சொன்னது நடந்தது. ஏழு பேர் போனார்கள், ஏழு பேரும் கை சுத்தமான டெய்லர்கள். ஜனவரியில் ஆர்டர் திரும்பியபோது பேட்லாக் மெஷினுக்கு ஆள் இல்லாமல் ஒரு ஷிப்மென்ட் பிந்தியது. அதன் நஷ்டத்தை நான் கணக்குப் போட்டு எழுதி அவர் மேஜையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

அதனால் ஆடியிலேயே சொல்வது எல்லோருக்கும் லாபம் என்று என்னால் எழுத முடியாது. கம்பெனிக்கு அது நஷ்டம் ஆகலாம். பெரியப்பா பேச்சைக் கேட்டவர்களுக்கே அந்த வருடம் நெல் போயிற்று. இதில் நான் இன்னும் அல்லாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரிகிறது. போன ஏழு பேரில் நாலு பேர் மறு வருடமே திரும்பி வந்தார்கள், அது இருக்கட்டும், வராமல் இருந்திருந்தாலும் அவர்கள் போனது அவர்களுடைய முடிவு. 2020-ல் அந்த அக்காவுக்கு அப்படி ஒரு முடிவெடுக்க நான் இடமே வைக்கவில்லை. ஒரு ஆள் தன் குடும்பத்துக்காக எடுக்க வேண்டிய முடிவை, அவருக்குத் தெரியாமல், நான் என் பைக்குள் போட்டுக்கொண்டு ஐந்து நாள் திரிந்தேன். நாலு பேருக்கு மேலே நிற்கிற யார் கையிலும் இப்படி ஏதாவது ஒரு செய்தி இருந்துகொண்டேதான் இருக்கும். அதிகாரம் என்றால் நாற்காலி, கையெழுத்து என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ அது பெரும்பாலும் இந்த முன்கூட்டியே தெரிவதில்தான் இருக்கிறது என்று படுகிறது.

அந்த அக்காவை ஊரடங்கு முடிந்த பிறகு தேடினேன். பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அவரோடு வந்த ஒரு பெண், அவர்கள் ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னாள். கம்மலை மீட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சூப்பர்வைசர் பையன் டீ முடிந்ததும் சரியாக வந்து நின்றான். “இப்பவே” என்றேன். ஓனரிடம் முதலில் போய், சொல்லப்போகிறேன் என்பதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “நானும் வரேன்” என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று பேரும் பவர் டேபிளுக்கு நடந்தோம். மெஷின் ஒவ்வொன்றாக நின்றது. முதலில் ஓனர் பேசினார், தடுமாறித் தடுமாறி. நான் ஆர்டர் ஷீட்டைப் படித்தேன். செப்டம்பர் கடைசி வரைக்கும் வேலை உறுதி, அதற்கு அப்புறம் இன்றைக்குத் தெரியாது, தெரிகிற அன்றைக்கே சொல்வேன் என்றேன். பின்னாலிருந்து, டெய்லருக்கு உதவியாக நிற்கிற ஒரு கைமடிப் பெண், “நெசமாவே இவ்வளவுதான் தெரியுங்களா மேடம், இல்ல இன்னும் இருக்குதுங்களா?” என்று கேட்டாள். “இவ்வளவுதாங்கண்ணு, சத்தியமா” என்றேன். அவள் தலையாட்டினாள்.

அன்று ராத்திரி எட்டு மணிக்குச் செக்கிங் அக்கா ஒருவர் போன் செய்தார். பின்னால் கடைச் சத்தம், டிவி ஓடுகிற சத்தம். “மேடம், ஃபிரிட்ஜ் ஒண்ணு இஎம்ஐல பாத்து வச்சிருந்தோமுங்க, ஆயுத பூஜைக்கு எடுக்கலாம்னு. இப்ப கடையிலதான் இருக்கறேன். வேண்டாம்னு சொல்லிட்டேனுங்க. வீட்டுக்காரரு, எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடுன்னாரு.” சரிங்க்கா என்றேன். அவர் போனை வைக்காமல், பஸ் வந்துவிட்டதா என்று பக்கத்தில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.